கருக்கலைப்பும் மகளிர் மனநலமும்: ஆய்வு முடிவுகளைப் பொருள்கொள்ளும் முறை – சரவணம்பட்டிச் சூழலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கருக்கலைப்பு மகளிரின் மனநலத்தைக் கெடுக்கிறது என்றும், கெடுப்பதில்லை என்றும் எதிரெதிரான முடிவுகள் ஆய்வுகளின் பெயரால் எடுத்துக்காட்டப்படுகின்றன. இம்முரண் பெரும்பாலும் மூன்று இடங்களில் பிறக்கிறது. அவை, யாரோடு யாரை ஒப்பிடுவது, துயர் எப்போது தொடங்கியது எனக் கணக்கிடுவது, எச்சூழலில் கரு உண்டாயிற்று எனக் கேட்பது ஆகியன. டென்மார்க், அமெரிக்கா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் நடந்த ஆய்வுகளையும் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வுகளையும் இம்மூன்று வினாக்களின் வழி இக்கட்டுரை விளக்குகிறது. கோவை மாநகரின் சரவணம்பட்டி போன்றதொரு பகுதியில் இப்பொருள் குறித்து ஆய்வு செய்வதாயின் கைக்கொள்ள வேண்டிய நெறிகளையும் அது முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: கருக்கலைப்பு, மனநலம், ஒப்பீட்டுக் குழு, மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1971, கொங்கு நாடு, சரவணம்பட்டி

முன்னுரை

கோயம்புத்தூரிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் சாலையில் அமைந்துள்ள சரவணம்பட்டி, 2011ஆம் ஆண்டில் மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை பேரூராட்சியாக இருந்த ஊர். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் பொறியியல் கல்லூரிகளும் பெருகிய பின்னர், பிற மாவட்டங்களிலிருந்து வந்து மகளிர் விடுதிகளில் தங்கிப் பணிபுரியும் இளம்பெண்கள் இங்கு மிகுதியாயினர். அதே ஊரில் தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருந்த வேளாண் குடும்பங்களும், ஆலைகளையும் பட்டறைகளையும் நம்பி வாழும் தொழிலாளர் குடும்பங்களும் உள்ளன. விடுதியில் தங்கியிருக்கும் மணமாகாத பெண்ணுக்கும், இரு குழந்தைகளுக்குத் தாயான ஆலைத் தொழிலாளிக்கும், ஒரு பெண்குழந்தை பெற்றபின் ஆண்குழந்தையை எதிர்நோக்கும் கூட்டுக்குடும்பத்தின் மருமகளுக்கும் 'கருக்கலைப்பு' என்னும் ஒரே சொல்தான் வழங்குகிறது. ஆயினும் அச்சொல்லின் பின்னுள்ள வாழ்க்கை மூவருக்கும் வேறானது.

இம்மூவருள் எவரும் மருத்துவரையோ உறவினரையோ நாடும்போது கேட்கக்கூடிய அறிவுரை ஒன்று உண்டு. 'இதனால் பின்னாளில் மனம் பாதிக்கப்படும்; ஆய்வுகளே அப்படித்தான் சொல்கின்றன' என்பதே அது. ஆய்வுகள் உண்மையில் என்ன கூறுகின்றன, அவற்றை எவ்வாறு பொருள்கொள்வது என்பவை ஒரு பெண்ணின் முடிவோடும் அவளுக்குக் கிடைக்கும் உதவியோடும் நேரடித் தொடர்புடையவை. ஆகவே இவ்வினாக்கள் ஏட்டளவில் நிற்கக்கூடியவை அல்ல.

1. இந்தியச் சட்டத்தில் மனநலம்

இந்தியாவில் கருக்கலைப்பு குறித்த சட்டம் மனநலம் என்னும் கருத்தையே தூணாகக் கொண்டு எழுந்தது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 312இன் கீழ், தாயின் உயிரைக் காக்கும் நோக்கமின்றிக் கருவைக் கலைப்பதைக் குற்றமாக்கியது. பாதுகாப்பற்ற முறைகளால் நேர்ந்த உயிரிழப்புகளைக் கருத்திற்கொண்டு 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அக்குழு 1966இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1971இல் இயற்றப்பட்டு, 1972 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது.

கருவைத் தொடர்வது பெண்ணின் உயிருக்கோ, உடல்நலத்துக்கோ, மனநலத்துக்கோ கடும் தீங்கு விளைவிக்குமாயின் அதைக் கலைக்கலாம் என்பது இச்சட்டத்தின் மையக்கூறு. வன்புணர்வால் உண்டான கருவும், கருத்தடை முறை தவறியதால் உண்டான கருவும் தரும் மனவேதனையை மனநலத்துக்கான கடும் தீங்காகவே கொள்ளலாம் எனச் சட்டத்தின் விளக்கப்பகுதிகள் கூறின. தீங்கை மதிப்பிடும்போது பெண்ணின் நிகழ்காலச் சூழலையும், எதிர்நோக்கத்தக்க சூழலையும் மருத்துவர் கருத்தில் கொள்ளலாம் என்றும் சட்டம் இடமளித்தது. இங்கு மனநலத்துக்குத் தீங்காகச் சட்டம் கருதியது விரும்பாத கருவைச் சுமக்க நேர்வதையே என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. பொதுவெளிப் பேச்சில் இத்திசை தலைகீழாகி, கலைப்பதே மனநலக் கேடு எனப் பேசப்படுகிறது.

1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் கருத்தடை தவறுதல் பற்றிய விளக்கம் 'மணமான பெண் அல்லது அவள் கணவர்' என்றே பேசியது. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் அதனைப் 'பெண் அல்லது அவள் துணைவர்' என மாற்றியது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், விதிகளில் வகுக்கப்பட்ட சில பிரிவினருக்கு 20 முதல் 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்தும் போதுமென அத்திருத்தம் வரையறுத்தது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, 20 முதல் 24 வாரத்துக்கான வகைப்பாட்டில் மணமாகாத பெண்களை விலக்க இயலாது என்றது. மனநலம் என்பது மனநோய் இல்லாமை என்பதினும் விரிந்த பொருளுடையது என்றும் அத்தீர்ப்பு விளக்கியது. வயது நிறைந்த பெண்ணின் இசைவு மட்டுமே சட்டத்துக்குத் தேவை. கணவரின் கையொப்பத்தைச் சட்டம் கேட்பதில்லை.

ஓராண்டுக்குப் பின் எழுந்த மற்றொரு வழக்கு இவ்வரையறையின் எல்லையைக் காட்டியது. இரு குழந்தைகளின் தாயான 27 வயதுப் பெண் ஒருவர், பேறுகாலத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வுக்கு மருந்து உட்கொண்டுவந்த நிலையில், மூன்றாம் கருவைக் கலைக்க உச்ச நீதிமன்றத்தை நாடினார். முதலில் இரு நீதிபதிகள் அமர்வு இசைவளித்தது. பின்னர் அவ்வமர்வுக்குள் கருத்து வேறுபாடு தோன்ற, மூவர் அமர்வு 2023 அக்டோபர் 16 அன்று, கரு 24 வார எல்லையைக் கடந்துவிட்டதையும், தாயின் உயிருக்கு உடனடி ஆபத்தோ கருவுக்குக் குறைபாடோ இல்லாமையையும் சுட்டி வேண்டுகோளை மறுத்தது. முந்தைய பேற்றினால் வந்த மனநோயோடு மீண்டும் ஒரு பேற்றை எதிர்கொள்ளும் பெண்ணின் நிலையை ஆய்வறிவு எவ்வாறு விளக்குகிறது என்னும் வினா இதனால் நீதிமன்றம் வரை சென்றது.

2. யாரோடு யாரை ஒப்பிடுவது?

மருத்துவமனைக்கு வெளியே இருப்பவர்களைவிட உள்ளே இருப்பவர்களிடம் நோய் மிகுதி. இதைக் கொண்டு மருத்துவமனையே நோயைத் தருகிறது என ஒருவரும் முடிவு செய்யார். கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்களிடம் மனச்சோர்வு மிகுதியாகக் காணப்படுகிறது என்னும் செய்தியையும் இதே எச்சரிக்கையோடு அணுக வேண்டும்.

விரும்பிக் கருவுற்று, குடும்பத்தின் அரவணைப்போடு குழந்தை பெற்ற பெண்ணோடு, விரும்பாத கருவைக் கலைத்த பெண்ணை ஒப்பிட்டால் வேறுபாடு வெளிப்படுவது இயல்பே. ஆனால் அவ்வேறுபாடு கலைத்தலால் வந்ததா, வறுமை, வன்முறை, கைவிடப்பட்ட நிலை, முன்பே இருந்த மனநோய் ஆகியவற்றால் வந்ததா என அவ்வொப்பீட்டால் பிரித்தறிய இயலாது. விரும்பாத கருவைக் கலைத்த பெண்ணையும், விரும்பாத கருவைச் சுமந்து பெற்ற பெண்ணையும் ஒப்பிடுவதே பொருத்தமானது. முடிவெடுக்கும் நிலையில் நிற்கும் பெண்ணுக்கு முன்னுள்ள வழிகளும் இவ்விரண்டே.

பிரிசில்லா கோல்மன் 2011இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளியிட்ட தொகுப்பாய்வு, 22 ஆய்வுகளை ஒருங்கிணைத்து, கருக்கலைப்பு செய்துகொண்டோருக்கு மனநலச் சிக்கல்கள் தோன்றும் வாய்ப்பு 81 விழுக்காடு கூடுதல் என்றது. அம்முடிவு பரவலாக மேற்கோள் காட்டப்பட்டது. ஆனால் அத்தொகுப்பில் பாதி ஆய்வுகள் அவ்வாய்வாளரே பங்கேற்றவை என்பதும், கருவின் விருப்பம், முந்தைய மனநலம் ஆகியவற்றைக் கருத்திற்கொள்ளாத ஆய்வுகளும் சேர்க்கப்பட்டன என்பதும் பின்னர் சுட்டிக்காட்டப்பட்டன. அதே ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் தேசிய மனநலக் கூட்டு மையம் மேற்கொண்ட மதிப்பாய்வு, விரும்பாத கருவுற்ற பெண்களிடையே, கலைத்தாலும் பெற்றாலும் மனநலச் சிக்கல்களின் அளவில் வேறுபாடில்லை என்ற முடிவுக்கு வந்தது. 2008இல் அமெரிக்க உளவியல் கழகத்தின் பணிக்குழுவும், திட்டமிடாத கருவுற்ற வயதுவந்த பெண்கள் முதல் மூன்று மாதங்களுக்குள் ஒருமுறை செய்துகொள்ளும் கருக்கலைப்பு குறித்து இதையொத்த கருத்தையே தெரிவித்திருந்தது.

3. துயர் எப்போது தொடங்கியது?

டென்மார்க்கில் ட்ரைன் மங்க்-ஓல்சன் உள்ளிட்டோர் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு, எண்களைப் படிக்கும் முறைக்கு நல்ல பயிற்சியாகும். அந்நாட்டில் குடிமக்களின் மருத்துவப் பதிவுகள் முழுமையாகப் பேணப்படுவதால், நினைவை நம்பாமல் பதிவுகளையே நம்பி ஆராய முடிந்தது. மனநோய்க்கு முன்பு சிகிச்சை பெற்றிராதவர்களாய், முதல் மூன்று மாதங்களுக்குள் முதல்முறையாகக் கருவைக் கலைத்த 84,620 பேரும், முதல் குழந்தை பெற்ற 2,80,930 பேரும் அதில் இடம்பெற்றனர். ஆயிரம் பெண்களை ஓராண்டு கண்காணித்தால் எத்தனை பேர் முதன்முறையாக மனநல மருத்துவத்தை நாடுவர் என்னும் அளவு கணக்கிடப்பட்டது.

கருக்கலைப்புக்குப் பிந்தைய பன்னிரு மாதங்களில் அவ்வளவு 15.2. குழந்தைப்பேற்றுக்குப் பிந்தைய பன்னிரு மாதங்களில் 6.7. இவ்விரு எண்களை மட்டும் காண்போர், கருக்கலைப்பு இருமடங்குக்கு மேல் தீங்கானது என்பர். ஆய்வாளர்கள் அந்நிகழ்வுகளுக்கு முந்தைய ஒன்பது மாதங்களையும் கணக்கிட்டிருந்தனர். கலைத்தவர்களிடம் முன்பே 14.6 ஆக இருந்த அளவு பின்னர் 15.2 ஆயிற்று. இது பொருட்படுத்தத்தக்க ஏற்றமன்று. குழந்தை பெற்றவர்களிடம் 3.9 ஆக இருந்தது 6.7 ஆக உயர்ந்தது. கருக்கலைப்பை நாடும் நிலைக்கு வந்த பெண்களின் வாழ்வில் துயர் முன்பே குடியிருந்தது என்பதையே இந்நான்கு எண்களும் சேர்ந்து உணர்த்துகின்றன.

முன், பின் என்னும் வரிசையைத் தவறவிட்டால் ஆய்வே பிழைபடும் என்பதற்கும் சான்றுண்டு. 2009இல் கோல்மன் உள்ளிட்டோர் அமெரிக்கத் தேசியக் கணக்கெடுப்புத் தரவுகளைக் கொண்டு, பல மனநோய்களுக்குக் கருக்கலைப்போடு தொடர்புண்டு என எழுதினர். ஜூலியா ஸ்டைன்பெர்க்கும் லாரன்ஸ் ஃபைனரும் அதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்தபோது அம்முடிவுகள் கிடைக்கவில்லை. முதல் ஆய்வில் வாழ்நாளில் எப்போது வந்த நோயும் கணக்கில் சேர்ந்திருந்ததால், கருக்கலைப்புக்குப் பல்லாண்டு முன்னர் வந்துபோன நோயும் அதன் விளைவாக எண்ணப்பட வாய்ப்பு ஏற்பட்டது.

இதற்கு மாறான சான்றையும் நடுநிலையோடு குறிப்பிடல் வேண்டும். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் பிறந்தவர்களை முப்பதாண்டுகள் தொடர்ந்த டேவிட் ஃபெர்குசன் குழுவினர், 2008இல் வெளியிட்ட ஆய்வில், கருக்கலைப்பு செய்துகொண்டோருக்கு மனநலச் சிக்கல் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் என்றனர். பின்னணிக் காரணிகள் பலவற்றை அவர்கள் கருத்திற்கொண்டிருந்தனர். எனினும் அம்மக்கள்தொகையின் மொத்த மனநலச் சிக்கல்களுள் 1.5 முதல் 5.5 விழுக்காட்டுக்கே இதனைக் காரணமாகக் கூறலாம் என்பதையும் அவர்களே எழுதினர். அடுத்த ஆண்டு அதே குழுவினர், கலைத்தபோது கடும் மனத்துயர் உற்றதாகக் கூறியவர்களிடமே பிற்காலச் சிக்கல் மிகுதி எனக் கண்டனர். ஆகவே 'எல்லாரும் பாதிக்கப்படுவர்' என்பதைப் போலவே 'எவரும் பாதிக்கப்படார்' என்பதும் சான்றுகளைக் கடந்த கூற்றாகும்.

4. மறுக்கப்பட்ட பெண்களின் நிலை

கருக்கலைப்பு கிடைத்த பெண்ணையும் மறுக்கப்பட்ட பெண்ணையும் நேரடியாக ஒப்பிட்ட ஆய்வு, டயானா கிரீன் ஃபாஸ்டர் தலைமையில் அமெரிக்காவில் நடந்தது. 2008 முதல் 2010 வரை 30 மருத்துவ நிலையங்களில், கால வரம்புக்குச் சற்று முன் வந்ததால் கருக்கலைப்பு பெற்றவர்களும், சில நாள்கள் பிந்தியதால் திருப்பி அனுப்பப்பட்டவர்களுமாக ஏறத்தாழ ஆயிரம் பேர் சேர்க்கப்பட்டு, ஐந்தாண்டுகள் தொடரப்பட்டனர். இரு குழுவினரும் கருவை விரும்பாதவர்கள். அவர்களைப் பிரித்தது பெரும்பாலும் நாள்கணக்கே. ஆதலால் இவ்வொப்பீடு முன்னவற்றினும் நேர்மையானது.

அன்டோனியா பிக்ஸ் உள்ளிட்டோர் 2017இல் வெளியிட்ட முடிவுகளின்படி, முதல் வாரத்தில் மறுக்கப்பட்டவர்களிடமே பதற்றம் மிகுதியாகவும் தன்மதிப்பு குறைவாகவும் இருந்தன. ஆறு முதல் பன்னிரு மாதங்களுக்குள் இரு குழுவினரும் ஒத்த நிலையை எய்தினர். மறுக்கப்பட்டவர்கள் நெடுங்காலம் மனநோயால் வாடினர் என்பதற்கும் இவ்வாய்வில் சான்றில்லை. கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்போரும் இதனை மறைக்காமல் சொல்ல வேண்டும். கொரின் ரோக்கா உள்ளிட்டோர் 2020இல் காட்டியவாறு, ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் கருக்கலைப்பு பெற்றோருள் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் தம் முடிவு சரியெனவே கருதினர். முடிவெடுக்க இடர்ப்பட்டவர்களும், சுற்றத்தார் பழிப்பர் என அஞ்சியவர்களும் தொடக்கத்தில் கூடுதலாக வருந்தினர். அழைக்கப்பட்டோருள் ஏறத்தாழ 38 விழுக்காட்டினரே இவ்வாய்வில் சேர்ந்தனர் என்பது அதன் வரம்பு.

5. தமிழ்நாட்டுச் சான்றுகள்

மேற்கண்ட ஆய்வுகள் யாவும் வேற்றுநாட்டுக் குடும்ப அமைப்பிலும் மருத்துவ அமைப்பிலும் நிகழ்ந்தவை. அவற்றின் எண்களை அப்படியே கொங்கு நாட்டுக்குப் பொருத்த இயலாது. அவை கேட்ட வினாக்களை இங்கும் கேட்கலாம்.

டி.கே. சுந்தரி ரவீந்திரன், பி. பாலசுப்பிரமணியன் ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வு, தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கருக்கலைப்பு செய்துகொண்ட மணமான பெண்களையும் சிலர்தம் கணவர்களையும் நேர்கண்டு எழுதப்பட்டது. கணவரின் உடலுறவு வேட்கையை மறுக்க இயலாத நிலையும், மணவாழ்வுக்குள் நிகழும் வற்புறுத்தலும் விரும்பாத கருவுக்குக் காரணங்களாய் இருந்தமையை அது வெளிப்படுத்தியது. கருவைக் கலைக்க இசையும் குடும்பம், பெண் தன் உடல்மீது 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமைக்கு இசைவதில்லை என்னும் முரணையே அக்கட்டுரையின் தலைப்பும் குறித்தது. இத்தகைய பெண்ணிடம் பின்னர் மனச்சோர்வு காணப்பட்டால், அதனைக் கருக்கலைப்பின் கணக்கில் எழுதுவதா, வற்புறுத்தலின் கணக்கில் எழுதுவதா? வற்புறுத்தல் பற்றி வினவாத ஆய்வு முன்னதையே எழுதும்.

குழந்தைப்பேறு மனநலச் சுமையற்றது என்னும் எண்ணத்தையும் தமிழ்நாட்டுச் சான்று மறுக்கிறது. வேலூர் மாவட்ட ஊரகப் பகுதியில் சந்திரன் உள்ளிட்டோர் கருவுற்ற பெண்களைப் பேற்றுக்குப் பின்னும் தொடர்ந்து, 2002இல் வெளியிட்ட ஆய்வின்படி, பேற்றுக்குப் பின் புதிதாக மனச்சோர்வுற்றோர் 11 விழுக்காட்டினர். குறைந்த வருவாய், ஆண்குழந்தையை எதிர்பார்த்த நிலையில் பெண் பிறத்தல், மாமியாரோடும் பெற்றோரோடும் உறவுச் சிக்கல், கருவுற்ற காலத்தில் நேர்ந்த துயர நிகழ்ச்சிகள், வீட்டு வேலையில் கைகொடுப்பார் இன்மை ஆகியன காரணிகளாக அறியப்பட்டன. இக்காரணிகளுள் ஒன்றேனும் பேறு என்னும் உடல்நிகழ்வைச் சார்ந்ததன்று. எல்லாம் பெண்ணைச் சூழ்ந்த வாழ்க்கையைச் சார்ந்தவை.

மேற்குத் தமிழ்நாட்டுக்கு மற்றொரு வரலாறும் உண்டு. 1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள ஆண்குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண்குழந்தைகள் 849 மட்டுமே இருந்தனர். 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் அம்மாவட்டத்தில் தொடங்கப்பட்டதற்கும், 1994இல் கருவின் பாலினத்தை அறிவதைத் தடைசெய்யும் சட்டம் நாடு முழுமைக்கும் வந்ததற்கும் இத்தகைய நிலையே பின்புலம். பெண் கரு என்பதற்காகக் குடும்பத்தார் கலைக்கச் செய்வதும், ஒரு பெண் தானே முடிவெடுத்துக் கலைப்பதும் மருத்துவ ஏட்டில் ஒரே நிகழ்வாகப் பதியலாம். மனநலத்தைப் பொறுத்தவரை அவை எதிர்த்திசையில் நிற்பவை. முன்னதில் விரும்பிய கரு பறிக்கப்படுகிறது. பின்னதில் விரும்பாத கரு நீங்குகிறது. இவ்விரண்டையும் ஒரே குழுவாக்கிச் சராசரி காணும் ஆய்வு, இரு பெண்களின் நிலையையும் தவறாகவே எடுத்துரைக்கும்.

6. சொல்லும் அளவீடும்

ஆய்வின் உண்மை, வினாப்பட்டியலின் சொற்களையும் பொறுத்தது. 'கருச்சிதைவு' தானே நேர்வது, 'கருக்கலைப்பு' செயலால் நிகழ்வது எனக் கலைச்சொற்கள் வேறுபடுத்துகின்றன. பேச்சுவழக்கிலோ 'கலைந்துவிட்டது' என்னும் தன்வினை வடிவமே இரண்டுக்கும் வழங்க இடமுண்டு. 'கலைத்துவிட்டேன்' என்று பிறவினையில் கூறுவது செயலுக்குப் பொறுப்பேற்பதாகும். பழிக்கு அஞ்சும் பெண் தன்வினையைத் தேர்வதில் வியப்பில்லை. 'சுத்தம் செய்தார்கள்' என்பதும் இவ்வாறே. வினவுபவர் இவ்விலக்கண நுட்பத்தை உணராவிடின், செய்துகொண்ட கருக்கலைப்புகள் தானாக நேர்ந்த சிதைவுகளாகப் பதிவாகும்.

மனநிலையைக் குறிக்கும் சொற்களிலும் இச்சிக்கல் உண்டு. வருத்தம், குற்றவுணர்வு, மனவேதனை, மனச்சோர்வு என்பன ஒன்றல்ல. ஒரு நிகழ்வுக்காக வருந்துதல் மனித இயல்பு. மனச்சோர்வு, மருத்துவ வரையறையின்படி, குறித்த அறிகுறிகள் குறைந்தது இரு வாரங்கள் நீடிக்கும் நோய்நிலை. வருத்தம் தெரிவித்தோரை நோயாளிகளாக எண்ணுவதும், நோயுற்றோரின் துயரை வெறும் வருத்தமெனத் தள்ளுவதும் ஒருசேரத் தவறானவை. பேறுகால மனச்சோர்வுக்குப் பரவலாகப் பயன்படும் எடின்பரோ அளவுகோலின் பத்து வினாக்களும் கடந்த ஏழு நாள்களைப் பற்றியே கேட்கின்றன. அவ்வளவுகோல் இன்றைய நிலையை அறிய உதவும். அந்நிலையின் தோற்றுவாயை அதனைக்கொண்டு மட்டும் அறிய முடியாது.

7. சரவணம்பட்டியில் ஆய்வு செய்வதாயின்

மேற்கண்டவற்றின் அடிப்படையில், சரவணம்பட்டி போன்ற பகுதியில் மேற்கொள்ளத்தக்க ஆய்வுக்குரிய நெறிகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

முதலாவதாக, மருத்துவமனைப் பதிவேடுகளை மட்டும் நம்புதல் போதாது. 2015ஆம் ஆண்டு நிலவரப்படி இந்தியாவில் நிகழ்ந்த ஏறத்தாழ 1.56 கோடிக் கருக்கலைப்புகளுள் 73 விழுக்காடு மருத்துவ நிலையங்களுக்கு வெளியே மாத்திரைகளால் நிகழ்ந்தவை என, தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் நடந்த கணக்கீடு மதிப்பிட்டது. பதிவேட்டில் இடம்பெறாத பெண்களே இங்கும் பெரும்பான்மையராக இருக்கலாம். விடுதி அறையில் தனியே மாத்திரை உட்கொண்டு, குருதிப்போக்கைத் தோழியரிடமும் மறைக்கும் பெண்ணின் அச்சம் எந்த ஏட்டிலும் பதிவதில்லை.

இரண்டாவதாக, மணமாகாதவர், மணமானவர், குடும்பத்தாரால் வற்புறுத்தப்பட்டவர், கருவின் குறைபாட்டால் விரும்பிய கருவை இழந்தவர் ஆகியோரைத் தனித்தனிக் குழுக்களாகக் கொள்ளல் வேண்டும்.

மூன்றாவதாக, கருவுறுதலுக்கு முந்தைய மனநிலை, வன்முறை, வற்புறுத்தல், பொருளாதார நிலை ஆகியவற்றை முதலில் வினவிய பின்னரே கருக்கலைப்பு பற்றி வினவுதல் வேண்டும்.

நான்காவதாக, விரும்பாத கருவைச் சுமந்து பெற்றவர்களும் ஒப்பீட்டுக் குழுவாக இடம்பெற வேண்டும். 'இக்குழந்தை வேண்டாமென எண்ணினேன்' எனத் தாய் ஒருத்தி கூறுவது தமிழ்ச் சூழலில் எளிதன்று. ஆகவே இக்குழுவைக் கண்டறிவதற்கே ஆய்வாளரின் பொறுமை மிகுதியாகத் தேவைப்படும்.

ஐந்தாவதாக, மறைகாப்பு. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரையும் விவரங்களையும் சட்டம் இசைவளித்தோர் தவிரப் பிறர்க்கு மருத்துவர் வெளிப்படுத்தலாகாது என 2021ஆம் ஆண்டுத் திருத்தம் விதிக்கிறது. ஆய்வாளர் அதனினும் குறைந்த நெறியைக் கொள்ளலாகாது. மாமியார் அமர்ந்திருக்கும் கூடத்திலோ, விடுதிக் காப்பாளரின் அறையிலோ நிகழும் நேர்காணல் உண்மையையும் தராது, பெண்ணுக்குப் பாதுகாப்பையும் தராது. பேசும்போது துயர் மேலிட்டால் அனுப்பிவைக்க மனநல ஆலோசகர் ஒருவர் முன்னரே ஏற்பாடு செய்யப்பட்டிருத்தலும் இன்றியமையாதது.

முடிவுரை

விரும்பாத கருவுற்ற பெண்ணுக்கு, கலைத்தலால் மட்டுமே மனநோய் வரும் என்பதற்குத் தரமான ஆய்வுகள் வலுவான சான்று தரவில்லை. முன்பே மனநலச் சிக்கல் உடையோர், வற்புறுத்தப்பட்டோர், பழிக்கு அஞ்சி எவரிடமும் பேச இயலாதோர் ஆகியோர் கூடுதல் கவனிப்புக்குரியவர்கள் என்பதை அவை தெளிவாகவே உணர்த்துகின்றன. இக்கவனிப்பு, கருவைக் கலைத்த பெண்ணுக்கும் சுமந்து பெற்ற பெண்ணுக்கும் ஒருங்கே தேவையானது.

எனவே, 'ஆய்வுகள் சொல்கின்றன' என எவரேனும் கூறும்போது, யாரோடு ஒப்பிட்டார்கள், முன்பு எப்படி இருந்தாள், யார் முடிவெடுத்தார்கள் என்னும் மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். மருத்துவரும் ஆலோசகரும் இவற்றைத் தம் முன் அமர்ந்திருக்கும் பெண்ணிடமே நேரில், தனிமையில் கேட்பாராயின், அவளை அச்சுறுத்தும் தேவை எழாது. அவளுக்கு எவ்வகை உதவி வேண்டும் என்பதும் அங்கேயே தெளிவாகும். 1971ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவர் கருத்திற்கொள்ளலாம் என்ற 'சூழல்' இம்மூன்று வினாக்களுக்கான விடைகளிலேயே அடங்கியுள்ளது எனலாம்.